அட்டாலியைக் காலி செய்தோம்: சில வருடப் பயன்பாட்டு அனுபவம்

கோபிசெட்டிபாளையம் பக்கத்து ஓட்டு வீடுகளில் அட்டாலி (பரண்) என்று ஒன்று இருந்தால் அது நிறைந்துதான் கிடக்கும். எங்கள் வீட்டில் மஞ்சள் மண்டிச் சீட்டு, பழைய கரண்டு பில், கேசட், கல்யாண ஆல்பம், மொய் நோட்டு எல்லாம் அங்கேதான். போதாக்குறைக்கு கரையான். இவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைப்பேசிக்கும் கணினிக்கும் மாற்றிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. வேறோர் இடத்தில் பதிவு இருக்கிற காகிதத்தைத் தயங்காமல் கழிக்கலாம். நம்மிடம் மட்டுமே இருப்பதில் கை வைக்கும்முன் யோசிக்க வேண்டும். இப்படிப் பிரித்துக்கொண்டதால்தான் எங்களுக்கு வேலை நடந்தது.

பட்டா, சிட்டா நகல்கள் முதலில் போயின. தமிழக அரசின் இணையதளத்தில் எப்போது வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் எதற்குக் கட்டுக்கட்டாக ஜெராக்ஸ்? ஓட்டுநர் உரிமம், ஆர்சி இரண்டும் மத்திய அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில். அதில் ஒன்றைக் கவனியுங்கள். துறையே வழங்கி அங்கே வருகிற ஆவணம்தான் சட்டப்படி அசலுக்குச் சமம். நாமே படம் பிடித்து ஏற்றியது வெறும் நகல். கிரயப் பத்திரத்தையும் தாய்ப் பத்திரத்தையும் ஸ்கேன் செய்தாலும் அசல் பீரோவிலேயே இருக்கட்டும். அடமானக் கடனுக்கு வங்கி அதைத்தான் கேட்கும்.

எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் மொய் நோட்டு. நம்ம பக்கம் மொய் என்பது திருப்பிச் செய்ய வேண்டிய கடமை. பத்திரிகை வந்ததும் "அவங்க நமக்கு எவ்வளவு வெச்சாங்க" என்று நோட்டைப் புரட்டுவோம். அதில் பெயர்கள் வந்த வரிசையில் இருக்கும். ஒரே ஊரில் நாலு பழனிசாமி இருப்பார்கள். நோட்டைப் படம் பிடித்து வைப்பதால் மட்டும் பயனில்லை, படத்துக்குள் பெயரைத் தேடுவது பெரும்பாடு. உட்கார்ந்து கூகுள் ஷீட்டில் தட்டச்சு செய்தோம்: ஊர், தோட்டத்துப் பெயர், ஆள், தொகை, எந்த விசேஷம். தோட்டத்துப் பெயருக்குத் தனிப் பத்தி வைத்தது பெரிய உதவி. அடையாளம் சொல்ல அம்மா பக்கத்திலேயே இருந்தார். "ஏனுங் கண்ணு, கரண்டு இல்லாத அன்னிக்கு எப்பிடிப் பாக்கறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பட்டியலை அச்செடுத்து ஒரே ஃபைலாகக் கொடுத்துவிட்டோம். பழைய நோட்டுகளையும் எறியவில்லை. அப்பாருவின் (தாத்தாவின்) கையெழுத்து அதில் இருக்கிறது.

ஆல்பங்களை ஸ்கேன் செய்து கூகுள் ஃபோட்டோஸில் ஏற்றினோம். 2021 ஜூன் முதல் அங்கே வரம்பில்லா இலவசம் கிடையாது. இலவச 15 ஜிபியை ஜிமெயில், டிரைவ், படங்கள் மூன்றும் பங்கிட்டுக்கொள்ளும். காசு கட்டத்தான் வேண்டியிருக்கிறது. குடும்பத்தோடு பகிர்ந்துகொள்ள முடிவதால் அது பாரமாகத் தெரியவில்லை. இன்னொரு பிரதி ஹார்ட் டிஸ்கில், திருப்பூரில் தங்கச்சி வீட்டில்.

சினிமாப் பாட்டுக் கேசட்டுகள் போனதில் வருத்தமே இல்லை. பாட்டுச் செயலியில் அவை கிடைக்கின்றன, உரிமம் முடிந்து சில காணாமல் போனாலும் மறுபடி எங்காவது கிடைத்துவிடும். கோயில் திருவிழாவில் டேப்பில் பிடித்த, கொங்கு நாட்டுக் கதைப்பாடலான அண்ணன்மார் கதை உடுக்கைப் பாட்டு அப்படியில்லை. அந்தப் பூசாரியின் குரல் உலகத்தில் வேறெங்கும் இருக்காது. டேப் ரெக்கார்டரையும் கணினியையும் கேபிளால் இணைத்து ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிந்தோம். அறுபது நிமிடக் கேசட்டுக்கு அறுபது நிமிடமும் காத்திருக்க வேண்டும், குறுக்குவழி இல்லை. நாடா இளகிப் போவதற்குள் செய்துவிடுங்கள்.

புத்தகங்களில் அதிகம் குறைக்கவில்லை. பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. மற்றவை அலமாரியில் இருந்தால்தான் பிள்ளைகள் எடுத்துப் படிக்கிறார்கள்.

இதெல்லாம் ஓர் ஆளின் கடவுச்சொல்லுக்குள் அடங்கிவிடுவதுதான் எனக்குள்ள கவலை. டிரங்குப் பெட்டியை யாரும் திறக்கலாம், அப்பாவின் ஓடிபி அவர் சிம்முக்குத்தான் வரும். கூகுள் தனிநபர் கணக்கை இரண்டு வருடம் தொடாமல் விட்டால் அதை அழிக்கும் விதி இருக்கிறது. கணக்கு அமைப்பில் 'செயலற்ற கணக்கு நிர்வாகி' என்ற பகுதிக்குப் போய், நமக்குப் பின் தரவு யாருக்குப் போக வேண்டும் என்று இன்றைக்கே குறித்து வையுங்கள். பெரியவர்களின் கணக்குகளுக்கும் கூட உட்கார்ந்து செய்து கொடுங்கள்.