செங்கோட்டையில் ஆக்ஸலாட்டல்: நாலு வருஷ அனுபவம்

ஆக்ஸலாட்டலைக் கொண்டுவந்த அன்று ஆச்சி தொட்டிக்குள் குனிந்து பார்த்துவிட்டு, "ஏல, பல்லியைப் போய் காசு கொடுத்தா வாங்குன?" என்றாள். இன்றைக்கு அதற்கு மாட்டுச்சாணக் குழியில் மண்புழு கிளறி எடுத்துத் தருவது அவள்தான்.

பல்லியும் இல்லை, மீனும் இல்லை. மெக்சிகோ நகரத்தின் தென்பகுதியில் உள்ள சோச்சிமில்கோ கால்வாய்களைச் சேர்ந்த சாலமாண்டர், அதாவது தவளை மாதிரி நீர்நிலவாழ் வகை, ஆனால் வால் உள்ளது. கழுத்தோரத்து இறகுச் செவுள்கள் உதிராமலே வயதுக்கு வந்து முட்டையும் இடும். சொந்த ஊரில் அழியும் நிலை. கடைக்கு வருவதெல்லாம் தொட்டியில் பிறந்தவை.

இதை வளர்ப்பதில் பாதிக்கு மேல் தண்ணீரின் சூடுதான். 16 முதல் 18 டிகிரி இருந்தால் நிம்மதியாக இருக்கும், 24 தாண்டினால் திணறும். சாரல் காலத்தில் நம்மூர் குளுகுளு என்போம். தெர்மாமீட்டரைப் போட்டுப் பார்த்தால் அப்போதும் 25 காட்டியது. சித்திரையில் 31. முதல் கோடையில் ஐஸ் பாட்டிலும் மேசை விசிறியுமாகச் சமாளித்தேன். விசிறி மூன்று டிகிரி குறைக்கும். காற்றில் ஈரம் ஏறினால் அதுவும் இல்லை. ஐஸ் கரைந்ததும் சூடு மறுபடி ஏறும். ஒரு வாரத்தில் செவுள்கள் முன்பக்கமாக வளைந்தன, வால் நுனி கொக்கி மாதிரி சுருண்டது, மண்புழுவை வாயில் வாங்கித் துப்பியது. மறுநாளே கடன் வாங்கி, தொட்டித் தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் மெஷின் வாங்கினேன். தொட்டி, பில்டர், உயிர் எல்லாம் சேர்ந்த விலையைவிட அது அதிகம். கரண்ட் பில்லைப் பற்றி அப்பாவிடம் இன்னும் பேசவில்லை.

கடைக்காரர் அழகுக்கென்று கலர் கூழாங்கல்லும் தலையில் கட்டினார். இது இரையைத் தண்ணீரோடு உறிஞ்சி விழுங்கும். கல்லும் உள்ளே போய்விடும். மூன்றாம் நாளே அள்ளி வாசலில் கொட்டிவிட்டேன். இப்போது வெறும் கண்ணாடித் தரை, எச்சத்தைக் குழாயால் உறிஞ்சி எடுக்கவும் சுலபம். கடையில் தரும் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்: சைட்டிஸ் (அழியும் உயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள உயிர் என்பதால் 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும்.

துணைக்கு இருக்கட்டுமே என்று நான்கு கப்பி மீன்களை விட்டது என் முட்டாள்தனம். ஒன்றை அது தின்றது. மற்ற மூன்றும் அதன் செவுளைக் கொறித்தே மொட்டையாக்கின. செவுள் சில வாரங்களில் திரும்ப முளைத்தது, பார்க்கவே ஆச்சரியமாக இருந்தது.

போன மாசம் புனலூர் மச்சான் வந்தான், அவனுக்கும் ஒன்று வேண்டுமாம். "சில்லருக்குக் காசு வெச்சிருக்கியா மாப்ள?" என்றேன். கப்பிக் குஞ்சுகளைப் பாலிதீன் பையில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினான்.