வீட்டுத் திரையரங்கக் கணினிக்கு ஜிடி 1030-ஆ, ஆர்க் ஏ380-ஆ?

செங்கோட்டையில் எங்கள் கூடத்து டிவிக்குக் கீழே இருக்கும் கணினியில், 2017-இல் வந்த என்விடியா ஜிடி 1030, 2022-இல் வந்த இன்டெல் ஆர்க் ஏ380 ஆகிய இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகளையும் மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்தேன்.

முன்னது ஏறத்தாழ 30 வாட் மட்டுமே எடுப்பதால் விசிறியே இல்லாத மாதிரியாகவும் கிடைக்கிறது; ஆரியங்காவுக் கணவாய்ப் பக்கமிருந்து சாரல் அடிக்கும் இரவில், ஜன்னலைச் சாத்திவிட்டு வசனம் குறைந்த மலையாளப் படம் ஒன்றைப் பார்க்கும்போது அந்த அமைதியின் அருமை தெரியும். ஹெச்இவிசி என்னும் சுருக்க வடிவில் உள்ள 10 பிட் 4கே படக் கோப்புகளையும் அது தடங்கலின்றி ஓட்டுகிறது. (வாங்குவதானால் டிடிஆர்4 நினைவகம் உள்ள மாதிரியைத் தவிர்த்து, ஜிடிடிஆர்5 நினைவகம் உள்ள மாதிரியையே கேளுங்கள்.) ஆனால் யூடியூப் இப்போது பல காணொளிகளை ஏவி1 என்னும் சுருக்க வடிவில் அனுப்புகிறது, அதைப் பிரித்துக் காட்டும் வசதி 1030-இல் இல்லாததால் வேலை முழுவதும் பிராசஸரின் தலையில் விழ, என் பழைய நான்கு கோர் பிராசஸரில் படம் விட்டுவிட்டு நகர்ந்தது, பெட்டியின் மேல்தகடும் சுட்டது.

ஏ380 அதே காணொளியைச் சிரமமின்றி ஓட்டியது. அது 75 வாட் வரை எடுக்கும், விசிறிச் சத்தம் மெல்லக் கேட்கும். சில மாதிரிகளுக்குத் தனி மின் இணைப்பும் வேண்டும் என்பதால் பவர் சப்ளையை முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். ரீசைசபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசஸர் ஒரே வீச்சில் அணுக உதவும் வசதி) இல்லாத பழைய மதர்போர்டில் விளையாட்டுகள் தடுமாறும் என்றாலும், படம் பார்ப்பதற்கு அது பெரிய குறையல்ல.

நாங்கள் பெரும்பாலும் இணையத்தில்தான் பார்க்கிறோம் என்பதால் ஏ380-ஐ வைத்துக்கொண்டேன். ஹார்ட் டிஸ்க்கில் சேர்த்த படங்களை மட்டும் பார்க்கும் புனலூர் அத்தை வீட்டுக்கு 1030 போனது.