மையக் கருத்து பத்தியின் தொடக்கத்திலா, முடிவிலா?

ஒரு பத்தியின் மையக் கருத்தை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டுச் சான்றுகளை அதன்பின் வைப்பதா, சான்றுகளை ஒவ்வொன்றாக முன்வைத்துக் கருத்தை இறுதியில் வெளிப்படுத்துவதா என்ற கேள்விக்கு எழுத்துப் பயிற்சி தருவோரில் பெரும்பாலோர் முதல் முறையையே விடையாகச் சொல்கிறார்கள். ஸ்காட்லாந்து அறிஞர் அலெக்சாண்டர் பெய்ன் 1866இல் பத்திக்கு வகுத்த விதிகளில், தொடக்க வாக்கியம் பத்தியின் பொருளைச் சுட்ட வேண்டும் என்பதும் ஒன்று. அது பின்னர் வகுப்பறைகளில் மீறக்கூடாத சட்டமாகவே இறுகிவிட்டது. ஆனால் அமெரிக்க எழுத்துக்கல்வி ஆய்வாளர் ரிச்சர்ட் பிராடக் 1974இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க இதழ்களில் வந்த 25 கட்டுரைகளை எடுத்துப் பார்த்தபோது, மையக் கருத்தோடு தொடங்கிய பத்திகள் ஏறத்தாழ 13 சதவீதமே இருந்தன. தேர்ந்த எழுத்தாளர்கள் பத்திக்குப் பத்தி வேறு வேறு முடிவை எடுக்கிறார்கள் என்றே இதைப் புரிந்துகொள்கிறேன். அந்த முடிவு எதைப் பொறுத்து அமைகிறது என்பதைத்தான் நாம் கற்க வேண்டும்.

ஒரே செய்தியை இரு முறைகளிலும் எழுதிப் பார்க்கலாம். முதல் முறையில்: ‘மருத்துவர்களின் கைகளே பிரசவக் காய்ச்சலைப் பரப்பின. வியன்னா பொது மருத்துவமனையில் 1846இல், பிணக்கூறாய்வு செய்துவிட்டு வந்த மாணவர்கள் பணியாற்றிய பிரசவப் பிரிவில் தாய்மாரின் இறப்பு 11.4 சதவீதம், மருத்துவச்சிகள் பணியாற்றிய பிரிவிலோ 2.8 சதவீதம். அங்கு பணியாற்றிய மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ் 1847இல் குளோரின் கலந்த நீரில் கைகழுவச் செய்தபின், 1848இல் முதற்பிரிவின் இறப்பும் ஏறத்தாழ 1.3 சதவீதமாகக் குறைந்தது.’

இரண்டாம் முறையில் சான்றுகள் மாறுவதில்லை, வரிசைதான் மாறுகிறது. ஒரே மருத்துவமனையின் இரு பிரிவுகளில் ஏன் இத்தனை வேறுபாடு என்ற புதிர் முதலில் வரும். ஒரு பிரிவினர் பிணவறையிலிருந்து வருகிறார்கள், மற்றவர்கள் வருவதில்லை என்ற விவரம் அடுத்து வரும். கைகழுவியபின் நேர்ந்த மாற்றம் அதற்கடுத்து வரும். கைகளே காரணம் என்ற வாக்கியம் இறுதியில் வரும். அந்த இடத்தை அடையும்போது வாசகர் அந்த முடிவுக்குத் தாமாகவே வந்திருப்பார். உயிர்காக்கும் கைகளே உயிரைப் பறித்தன என்பதை அக்கால மருத்துவர் பலர் ஏற்க மறுத்தார்கள். அத்தகைய வாசகரிடம் முடிவை முதலில் சொன்னால், பிறகு வரும் எண்களை அவர் மறுக்கும் மனத்தோடுதான் படிப்பார்.

ஆகவே வாசகர் எதிர்க்கக்கூடிய கருத்துக்கு இரண்டாம் முறையும், அவர் விரைவாகப் பயன்படுத்த வேண்டிய செய்திக்கு முதல் முறையும் பொருந்துகின்றன. அறிக்கை, விண்ணப்பம், செய்முறை விளக்கம், தேர்வு விடை ஆகியவற்றில் நான் தயங்காமல் முதல் முறையையே தேர்வேன். அதற்கு இன்னொரு நன்மையும் உண்டு: கருத்து தலையில் நிற்பதால், அதற்குத் தொடர்பில்லாத வாக்கியம் உள்ளே நுழைந்தால் எழுதுபவர் கண்ணிலேயே அது உறுத்தும். நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் ‘மற்றொன்று விரித்தல்’ இவ்வாறு தானாகவே தடுக்கப்படுகிறது. அதே பட்டியலில் உள்ள ‘சென்று தேய்ந்து இறுதல்’ என்ற குற்றமோ இம்முறையைத் துரத்திக்கொண்டே வருகிறது. வலிய வாக்கியத்தை முதலில் செலவிட்டுவிட்ட பத்தி, கடைசியில் வலுவற்ற சான்றோடு ஓய்ந்துபோகும். சான்றுகளுள் மிக வலிமையானதை இறுதிக்கு ஒதுக்கி வைப்பதே இதற்கு மருந்து. மேலே எழுதிய பத்தி 1.3 சதவீதத்தில் முடிவதும் அதனால்தான்.

இரண்டாம் முறையில் தமிழுக்கே உரிய ஓர் இடர் உள்ளது. நம் வாக்கியத்தில் வினைமுற்று பெரும்பாலும் இறுதியில் வருவதால், எச்சங்களையும் அடைகளையும் கடந்து, வாசகர் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஏற்கெனவே காத்திருக்கிறார். பத்தியும் தன் கருத்தை இறுதிவரை ஒளித்து வைத்தால் காத்திருப்பு இரட்டிப்பாகி, எதை நோக்கிப் போகிறோம் என்ற நினைவே அவருக்கு நழுவிவிடும். எனவே இம்முறையில் எழுதும்போது முதலிரண்டு வாக்கியங்களைக் குறுகியவையாக அமைத்து, புதிரை மட்டுமாவது வெளிப்படையாகக் கேட்டுவிட வேண்டும். விடையை ஒத்திவைக்கலாம், கேள்வியையும் ஒத்திவைத்தால் வாசகர் விலகிப்போவார்.

முழுக் கட்டுரைக்கு வரும்போது இத்தேர்வு ஓரளவு எளிதாகிறது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற பழகிய அமைப்பில், முன்னுரையிலேயே நிலைப்பாட்டைச் சொல்லிவிட்டால் உள்ளிருக்கும் பத்திகள் எந்த வரிசையில் சென்றாலும் வாசகர் வழி தவறமாட்டார். ஒப்பீட்டுக் கட்டுரைக்கு மட்டும் கூடுதலாக ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. அச்சு நூலையும் மின்னூலையும் ஒப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். அச்சு நூலைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டு மின்னூலுக்குப் போவது எழுதுபவருக்கு எளிது. ஆனால் இரண்டாம் பகுதியைப் படிக்கும்போது முதற்பகுதியின் விவரங்களை வாசகர் நினைவில் சுமக்க வேண்டும். எடை, கண்சோர்வு, குறிப்பெழுதும் வசதி என்று அளவுகோல் வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இரண்டையும் அருகருகே வைத்தால் அந்தச் சுமை நீங்குகிறது. ஒன்றுக்குச் சான்று தந்து மற்றதற்குத் தராமல் விட்ட இடமும் உடனே தெரிந்துவிடுகிறது. ஒரு பக்கத்துக்குள் முடியும் சிறிய ஒப்பீட்டுக்கு முதல் வழியே போதும். அதைவிட நீளும்போது அளவுகோல் வழியையே பின்பற்றி, ஒவ்வோர் அளவுகோலுக்கும் உரிய தீர்ப்பை அந்தந்தப் பத்தியிலேயே எழுதிவிடுவது நல்லது. தீர்ப்புகளையெல்லாம் முடிவுரைக்குச் சேர்த்து வைத்தால், அங்கே ‘கூறியது கூறல்’ என்ற குற்றத்தைத் தவிர்ப்பது அரிது.