மெரினாவா பெஸ்ஸியா? சனிக்கிழமை சாயங்காலம் எந்த பீச்சுக்கு போறது

சென்னைக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து லேடீஸ் ஹாஸ்டல்லயோ மேன்ஷன்லயோ தங்கியிருக்கிற எல்லாருக்கும் சனிக்கிழமை நாலு மணி ஆச்சுன்னா இந்த கேள்வி வந்துடும். படத்துக்கு போனா டிக்கெட், பாப்கார்ன், போக வர ஆட்டோன்னு பாதி வாரத்து சாப்பாட்டு காசு போயிடும், மால்ல எவ்ளோ நேரம்தான் எஸ்கலேட்டர் ஏறி இறங்கிட்டே இருக்கிறது, அதனால கடைசியில பீச்தான். ஆனா மெரினாவா பெஸ்ஸியா, அதாவது பெசன்ட் நகரான்னு ஆரம்பிச்சா ரூம்ல ரெண்டு கட்சி ஆயிடும். நான் மெரினா கட்சி, அதை முதல்லயே சொல்லிடுறேன். ஆனா பெஸ்ஸி ஜெயிக்கிற விஷயங்களும் இருக்கு, அதையும் மறைக்காம சொல்றேன்.

போறதுல இருந்து ஆரம்பிப்போம். மெரினாவுக்கு பறக்கும் ரயில் இருக்கு, சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம்னு மூணு ஸ்டேஷன், எதுல இறங்கினாலும் நடந்தே மணலுக்கு போயிடலாம், டிக்கெட் அஞ்சு பத்து ரூபாதான். வேளச்சேரி, தரமணி பக்கம் தங்கியிருக்கிறவங்களுக்கு இதை விட நல்ல வழி கிடையாது, அதுவும் ரயில் மாடி உயரத்துல போறதால பக்கிங்ஹாம் கால்வாயும் மயிலாப்பூர் மொட்டை மாடிகளும் பார்த்துட்டே வரலாம். பெஸ்ஸிக்கு ரயில் கிடையாது. திருவான்மியூர்லயோ இந்திரா நகர்லயோ இறங்கி இன்னொரு வண்டி பிடிக்கணும், இல்லன்னா பஸ். பெரம்பூர்ல இருந்து வர்ற 29சி பத்தி தெரியாத சென்னை காலேஜ் ஸ்டூடன்ட் இருக்க மாட்டாங்க, ஊரையே குறுக்கால கடந்து நேரா பெசன்ட் நகர் டெர்மினஸ்ல விட்டுடும். 2021-ல இருந்து சாதாரண கட்டண பஸ்ல பொண்ணுங்களுக்கு டிக்கெட் இல்லங்கிறதால எங்களுக்கு ரெண்டு பீச்சுமே கிட்டத்தட்ட சும்மாதான். சனிக்கிழமை சாயங்காலம் அந்த பஸ்ல உட்கார இடம் கிடைக்காது, அதை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க.

இடம் எவ்ளோ பெருசுங்கிறதுல போட்டியே இல்ல. மெரினாவுல ரோட்டுல இறங்கினதும் கடல் வந்துடாது, மணல்ல நடக்கணும், செருப்பை கையில எடுத்துக்கிட்டு நடந்துட்டே இருக்கணும், நடக்க நடக்க ரோட்டு சத்தம் பின்னாடி போயிட்டே இருக்கும். 2022 நவம்பர்ல மாற்றுத்திறனாளிகள் கடல் வரைக்கும் போறதுக்காக ஒரு மரப்பாதை போட்டாங்களே, அது 263 மீட்டர் நீளம், அந்த நீளத்தை வெச்சே மணல் எவ்ளோ அகலம்னு பாருங்க. அடுத்த மாசமே மாண்டஸ் புயல்ல அதோட முனை உடைஞ்சு போச்சு, அப்புறம் சரி பண்ணாங்க. சக்கர நாற்காலியில வந்த ஒரு பாட்டி முதல் தடவையா அலையை கிட்ட பார்த்து அழுததை அந்த பாதையில நானே பார்த்திருக்கேன், அந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு மெரினா மேல மரியாதை ஜாஸ்தி.

இவ்ளோ மணல் இயற்கையா வந்தது இல்ல, இது நிறைய பேருக்கு தெரியாது. 1870-கள்ல துறைமுகம் கட்ட ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் தெற்குல இருந்து வடக்கா கடல் தள்ளிட்டு போற மணல் அந்த கல் சுவர்ல தடுக்கி இங்க சேர ஆரம்பிச்சது. துறைமுகத்துக்கு வடக்க ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் கரையை கடல் அரிச்சுக்கிட்டே போனதுக்கும் காரணம் அதேதான். நாம கால் நீட்டி உட்கார்ற மணல் அந்த பக்கத்து ஜனங்களுக்கு போய் சேர வேண்டிய மணல், அதை தெரிஞ்சுக்கிட்டு உட்காரணும்னு நினைக்கிறேன்.

பெஸ்ஸி சின்னது. எலியட்ஸ் பீச்னு பேர் போட்டிருக்கும், யாரும் அப்படி சொல்ல மாட்டாங்க. ரோட்டை தாண்டினா நடைபாதை, நடைபாதையை தாண்டினா கொஞ்சம் மணல், உடனே கடல். வேலை முடிச்சு களைச்சு வர்ற அன்னிக்கு இந்த சின்னதுதான் சௌகரியம், அதை ஒத்துக்கிறேன்.

இப்போ சாப்பாடு, இதுலதான் ரூம்ல சண்டையே பெருசாகும். மெரினா சாப்பாடு மணல்ல நடந்து வரும். தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் தூக்குல வரும், சுடச்சுட பேப்பர்ல மடிச்சு குடுப்பாங்க, கிளிமூக்கு மாங்காயை பூ மாதிரி கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவி குடுப்பாங்க, கரி அடுப்புல சோளம் சுட்டு எலுமிச்சம்பழத்துல மிளகாய்த்தூள் தொட்டு தேய்ப்பாங்க. பஜ்ஜி கடைக்கு போய் "அக்கா, மிளகாய் ரெண்டு வாழைக்காய் ரெண்டு, நல்லா முறுகலா"ன்னு சொல்லிட்டு எண்ணெய்ச்சட்டி பக்கத்துலயே நிக்கணும், எடுத்ததும் ஊதி ஊதி சாப்பிடணும், ஆற விட்டா அதுல ஒண்ணும் இல்ல. மீன் வறுவல் கடையில நெத்திலி ஒரு தட்டு வாங்கி நாலு பேர் பங்கு போட்டுக்கலாம், வஞ்சிரம்னா முதல்லயே விலை கேட்டுடுங்க, துண்டு சைஸை பார்த்து சொல்லுவாங்க. நூறு நூத்தம்பது ரூபாயில ஒருத்தருக்கு வயிறே நிறைஞ்சுடும். அதுவும் பத்தலன்னா அப்படியே திருவல்லிக்கேணி உள்ள நடந்து ரத்னா கஃபேல சாம்பார் இட்லி, 1948-ல இருந்து இருக்கிற கடை, இட்லி முங்குற அளவுக்கு சாம்பார் ஊத்துவாங்க. மேன்ஷன்ல தங்கியிருக்கிற பசங்களுக்கு சாப்பாடு போடுற சின்ன மெஸ்ஸும் அந்த தெருக்கள்ல நிறைய இருக்கு.

பெஸ்ஸியிலயும் சுண்டல் பஜ்ஜி மீன் எல்லாம் இருக்கு, ருசியும் மோசமில்ல, ஆனா அங்க கண்ணு முழுக்க எதிர் வரிசை மேல போகும், காபி ஷாப், ஐஸ்கிரீம், மோமோஸ், ஷவர்மா, பீட்சா. நாலு பேர் போய் ஒரு கஃபேல உட்கார்ந்தா ஆளுக்கு இருநூறு முந்நூறு காணாம போயிடும். மாச கடைசியில இது வலிக்கும். ஆனா ஒண்ணு, அங்க டேபிள் கிடைக்கும், ஃபேன் கிடைக்கும், டாய்லெட் கிடைக்கும். டாய்லெட் விஷயம் சின்னதா தெரியலாம், மெரினாவுல மூணு மணி நேரம் இருக்கிற ஒரு பொண்ணுக்கு அது பெரிய விஷயம், அங்க இருக்கிற பொது கழிப்பறைகள் நல்லா இருக்கும்னு நம்பி போக முடியாது. மாநகராட்சி இதை மட்டும் ஒழுங்கா பண்ணினா மெரினாவுக்கு எதிரா யாரும் பேசவே மாட்டாங்க.

தனியா உட்கார்றதுன்னு வந்தா பெஸ்ஸிதான். ஒரு பொண்ணு தனியா புக்கை வெச்சுக்கிட்டோ ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டோ நடைபாதை சுவர்ல ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தா அங்க யாரும் வந்து ஏன்னு கேட்க மாட்டாங்க, வெளிச்சம் இருக்கும், கடைகள் பக்கத்துலயே இருக்கும், ஸ்கேட்டிங் பண்ற குட்டி பசங்க, வாக்கிங் வர்ற தாத்தாங்கன்னு சுத்தி ஆள் இருக்கும். மெரினாவுல இருட்டினதுக்கு அப்புறம் ரோட்டுக்கும் தண்ணிக்கும் நடுவுல வெளிச்சமே இல்லாத மணல் நிறைய, அங்க தனியா போகாதீங்க, குடும்பங்கள் உட்கார்ந்திருக்கிற பக்கமா உட்காருங்க. தோழிகள் நாலஞ்சு பேரா போனா இந்த கவலையே வராது. ரெண்டு இடத்துலயுமே பத்து மணி வாக்குல போலீஸ் வந்து கிளம்ப சொல்லிடுவாங்க, அதனால ராத்திரி முழுக்க அலை பார்க்கலாம்னு பிளான் போட வேண்டாம்.

தண்ணியில இறங்கறது பத்தி ரெண்டுக்கும் ஒரே பேச்சுதான், முட்டிக்கு மேல போகாதீங்க. அடியில இழுக்கிற நீரோட்டம் மேல பார்த்தா தெரியாது, நல்லா நீச்சல் தெரிஞ்சவங்களையே இழுத்துட்டு போயிருக்கு, மெரினாவுல குளிக்கவே தடை. பெஸ்ஸியில எல்லாரும் முன்னாடி நின்னு போட்டோ எடுக்கிற அந்த வெள்ளை வளைவு மண்டபம் எதுக்கு கட்டினதுன்னு தெரியுமா, 1930 டிசம்பர் 30-ஆம் தேதி அந்த இடத்துக்கு பக்கத்துல மத்தவங்க உயிரை காப்பாத்த போய் மூழ்கி இறந்த ஷ்மிட்ங்கிற டேனிஷ்காரருக்கான நினைவுச்சின்னம் அது. அடுத்த தடவை போனா அங்க இருக்கிற கல்வெட்டை ஒரு நிமிஷம் படிங்க.

பார்க்கிறதுக்கு என்னங்கிறதுல மெரினா கிட்ட யாரும் நெருங்க முடியாது. நம்ம கடல் கிழக்கு பார்த்தது, அதனால சன்செட் கடல்ல விழாது, ஆனா மெரினாவுல கடலுக்கு முதுகை காட்டி உட்கார்ந்து பாருங்க, பல்கலைக்கழக செனட் ஹவுஸ், பிரசிடென்சி காலேஜ், விவேகானந்தர் இல்லம்னு வரிசையா நிக்கிற பழைய கட்டடங்களுக்கு பின்னாடி வானம் செவக்கும். அந்த விவேகானந்தர் இல்லம் 1842-ல அமெரிக்காவுல இருந்து கப்பல்ல வர்ற ஐஸ் கட்டிகளை வைக்க கட்டினது, அதனாலதான் இன்னமும் பஸ் கண்டக்டர் ஐஸ் ஹவுஸ்னு கூப்பிடுறாங்க, 1897-ல விவேகானந்தர் அங்க தங்கினார். பௌர்ணமி அன்னிக்கு போனா பின்னாடி சூரியன் இறங்குற அதே நேரத்துக்கு முன்னாடி கடல்ல இருந்து நிலா ஏறும், அதுக்கு டிக்கெட் கிடையாது. கலங்கரை விளக்கத்துக்கு மட்டும் டிக்கெட், 1977-ல கட்டினது, கிட்டத்தட்ட 150 அடி, லிஃப்ட் உண்டு, சாயங்காலம் சீக்கிரமே மூடிடுவாங்க, அதனால முதல்ல அங்க போயிட்டு அப்புறம் மணலுக்கு வாங்க.

அப்புறம் அந்த உழைப்பாளர் சிலை. தேபி பிரசாத் ராய் சௌத்ரி செஞ்சது, 1959-ல வெச்சாங்க, நாலு பேர் பாறையை நெம்புற அந்த முதுகு தசையை பக்கத்துல நின்னு பாருங்க, பஸ்ல போகும்போது பார்க்கிறது வேற. இந்தியாவோட முதல் மே தினத்தை 1923-ல சிங்காரவேலர் நடத்தினதும் இந்த ஊர்லதான், அதுல ஒரு கூட்டம் திருவல்லிக்கேணி கடற்கரையிலதான் நடந்தது. 2017 ஜனவரியில ஜல்லிக்கட்டுக்காக நம்ம வயசு பசங்களும் பொண்ணுங்களும் ராத்திரி பகலா உட்கார்ந்ததும், லைட் இல்லாதப்போ எல்லாரும் செல்ஃபோன் டார்ச்சை தூக்கி பிடிச்சதும் இதே மணல்ல. ஒரு ஊரே வந்து உட்கார இடம் இருக்குன்னா அது எவ்ளோ பெரிய விஷயம்னு அப்பதான் எனக்கு புரிஞ்சது. மெரினா கட்சியில நான் இருக்கிறதுக்கு முக்கிய காரணமே இதுதான், அங்க நீங்க யாரு, என்ன சம்பளம், என்ன டிரஸ்னு யாரும் எதையும் கேட்க மாட்டாங்க, காணும் பொங்கல் அன்னிக்கு திருவள்ளூர், செங்கல்பட்டுல இருந்தெல்லாம் குடும்பத்தோட கட்டுச்சோறு கட்டிட்டு வந்து உட்கார்ற ஜனங்களை பார்த்தா தெரியும்.

பெஸ்ஸிக்கு வேற அழகு. வேளாங்கண்ணி சர்ச், அஷ்டலட்சுமி கோயில் ரெண்டும் கடலை ஒட்டியே, ஆகஸ்ட் கடைசியில கொடியேத்தி செப்டம்பர் 8 வரைக்கும் சர்ச் திருவிழா, அந்த பத்து பதினோரு நாளும் காவி டிரெஸ்ல நடந்து வர்ற கூட்டத்துல ரோடே நிறைஞ்சுடும். வடக்கு பக்கம் ஊரூர் ஆல்காட் குப்பம், அதை தாண்டி அடையாறு கடல்ல சேர்ற இடத்துல உடைஞ்ச பாலம்.

ஆனா பெஸ்ஸிக்கு நான் முழு மார்க் போடுறது ஆமைக்குத்தான். ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் பங்குனி ஆமைங்க ராத்திரியில கரைக்கு வந்து முட்டை போடும், ஸ்டூடன்ட்ஸ் சீ டர்ட்டில் கன்சர்வேஷன் நெட்வொர்க்னு மாணவர்கள் 1988-ல இருந்து நடத்துற அமைப்பு, நீலாங்கரையில இருந்து பெசன்ட் நகர் வரைக்கும் ராத்திரி நடந்தே போய் அந்த முட்டைகளை எடுத்து பாதுகாப்பா பொரிக்க வைப்பாங்க. வார கடைசியில பொதுமக்களும் கூட நடக்கலாம். விடிய விடிய நடக்கணும், டார்ச் அடிக்க கூடாது, சத்தம் போட கூடாது, ஆமையே பார்க்காம திரும்பவும் வாய்ப்பு இருக்கு. இருந்தும் போங்க. குஞ்சுங்களை சாயங்காலம் கடல்ல விடும்போது போய் நின்னா உள்ளங்கை அளவு கூட இல்லாதது தானா கடலை தேடி போகும். 2025 ஜனவரியில நூத்துக்கணக்கா செத்த ஆமைங்க சென்னை கரையில ஒதுங்கினதுக்கு அப்புறம் இந்த பசங்களோட வேலை எவ்ளோ முக்கியம்னு இன்னும் நல்லா தெரியுது. 2019 ஆகஸ்ட்ல ஒரு ராத்திரி அலை நீலமா ஒளிர்ந்ததும் பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம்தான், அது ஒருவகை நுண்ணுயிரால வர்றது, சொல்லி வெச்சு வராது.

திருவான்மியூர் பீச்சை பத்தி ஒரு வரி, கடை கம்மி, கூட்டம் கம்மி, காலையில நடக்க நல்லா இருக்கும், சாயங்காலத்துக்கு வெறிச்சுன்னு இருக்கும்.

அதனால என் கணக்கு இப்படி. மனசு சரியில்லாத அன்னிக்கு ஒரே ஒரு ஃப்ரெண்டோட நீளமா பேசணும்னா பெஸ்ஸி. மே மாசம் கடல் காத்து லேட்டா வர்ற நாள்ல அவசரப்பட்டு ரெண்டுக்குமே போக வேண்டாம், அஞ்சரைக்கு மேல காத்து மாறிடுச்சான்னு பார்த்துட்டு கிளம்புங்க. கேங்கா போறது, கையில இருநூறு ரூபா மட்டும் இருக்கிறது, சென்னைக்கு புதுசா வந்தவங்களை கூட்டிட்டு போறது எல்லாத்துக்கும் மெரினா. ஊர்ல இருந்து அம்மா அப்பா வந்தா மட்டும் சாயங்காலம் கூட்டிட்டு போகாதீங்க, காலையில அஞ்சரைக்கு கலங்கரை விளக்கம் பக்கம் போங்க, சூரியன் வர்றதை பார்த்துட்டு அப்படியே நொச்சிக்குப்பம் லூப் ரோட்டுல அப்பதான் வந்த மீனை அம்மா பேரம் பேசி வாங்கட்டும், ஹாஸ்டல்ல சமைக்க முடியாதுன்னா சொந்தக்காரங்க வீட்டுக்கு எடுத்துட்டு போங்க.