புக்கு விக்க, மேடை கிடைக்க: ஏழு வருஷமா நான் செஞ்சு பாத்ததுல எது தேறுச்சு, எது தேறல

2018ல என்னோட முதல் சிறுகதைத் தொகுப்பு வந்துச்சு, 300 காப்பி போட்டோம். ஒன்றரை வருஷம் கழிச்சும் அதுல 140 காப்பி கட்டிலுக்கு அடியிலதான் கெடந்துச்சு. அதுக்கு முன்னாடியே பட்டிமன்றம், பள்ளி ஆண்டு விழான்னு அப்பப்ப பேசப் போயிட்டு இருந்தேன், அதுவும் தெரிஞ்சவங்க கூப்பிட்டாத்தான். விளம்பரம் பத்தி யார் என்ன சொன்னாலும் செஞ்சு பாத்துருவோம்னு எறங்கினேன். கதை எழுதுற, மேடையில பேசுற யாருக்காவது உதவும்னு, கைக்காசு போட்டு செஞ்சு பாத்ததை மட்டும் சொல்றேன்.

மொத செலவு வெளியீட்டு விழா. மண்டப வாடகை, டிபன், அழைப்பிதழ், ஆறு பொன்னாடைன்னு 32,000 ஆச்சு. வாழ்த்துரைக்கு ஆறு பேர், அதுல ரெண்டு பேரு புக்கையே பிரிக்கலைங்கிறது அவங்க பேசினதுலயே தெரிஞ்சுச்சு. என் ஏற்புரைக்கு மைக் கைக்கு வரும்போது மணி ஒன்பது, பஸ்ஸை விட்ருவோம்னு பாதி சனம் கெளம்பிருச்சு. 41 காப்பி போச்சு, சொந்தக்காரங்களைக் கழிச்சா பதினஞ்சு தேறும். ரெண்டாவது புக்குக்கு அந்தத் தப்பைப் பண்ணல. மாவட்ட மைய நூலகத்து வாசகர் வட்டத்துல ஒரு ஞாயித்துக்கிழமை, நெசமாவே படிச்ச ரெண்டு பேரு பேசினாங்க, அதுல ஒருத்தர் ஒரு கதை சுத்தமா சரியில்லன்னே சொன்னாரு, எது சரியில்லாத கதைன்னு பாக்கவே நாலு பேரு வாங்கிட்டுப் போனாங்க. டீயும் சுண்டலும்தான் செலவு, வந்த அறுபது பேருக்கு 31 காப்பி போச்சு.

பேஸ்புக்ல காசு கட்டி நம்ம பதிவை நெறைய பேருக்குக் காட்ட வெக்கிற பூஸ்ட்டும் பாத்தேன். தப்பு என்மேலதான், தமிழ்நாடு முழுக்க, 18லருந்து 65 வயசு வரைக்கும்னு போட்டு விட்டுட்டேன். லைக் கொட்டுச்சு, யாருன்னு போய்ப் பாத்தா டிராக்டர் படத்துக்கும் லைக், எனக்கும் லைக். 4,000 போச்சு, ஒரு புக்கு வித்துச்சு, அந்த ஒருத்தரும் எங்கூட காலேஜ்ல படிச்சவன். அதுக்கப்புறம் காசே கட்டாம, புக்குல ஒரு பக்கத்தை நல்லா தெளிவா போட்டோ எடுத்து, மேல ஒரு வரியும் எழுதாம போட்டேன், அதுக்கு இன்பாக்ஸ்ல "இது எங்க கெடைக்கும்"னு ஒம்போது பேரு கேட்டாங்க. அட்டைப்படத்தைப் போட்டா வாழ்த்துகள்தான் வருது, உள்பக்கத்தைப் போட்டாத்தான் கேள்வி வருதுங்கிறது என் கணக்கு.

அமேசானோட மின்னூல் கடையான கிண்டில்ல 2019ல போட்டேன். கிண்டில் செலக்ட்ங்கிற அவங்க திட்டத்துல சேந்தா 90 நாளைக்கு அந்த மின்னூல் வேற எங்கயும் இருக்கக் கூடாது, பதிலுக்கு அந்த 90 நாள்ல அஞ்சு நாள் இலவசமா குடுக்கலாம். நான் அஞ்சு நாளையும் ஒரே மூச்சுல குடுத்தேன், 600 டவுன்லோடு, மூணு ரிவ்யூ. அந்த மூணுல ஒண்ணு மச்சினிச்சி எழுதினது, வீட்டு ஆளுங்க ரிவ்யூ எழுதக் கூடாதுங்கிறது அவங்க விதியிலயே இருக்கு, அது போயிருச்சு, நியாயந்தான். ஆனா சந்தா கட்டி கிண்டில் அன்லிமிட்டெட்ல படிக்கிறவங்க எத்தனை பக்கம் புரட்டினாங்களோ அதுக்குக் காசு வருது பாருங்க, அது சின்னக் காசுன்னாலும் மாசா மாசம் வருது. சிங்கப்பூர்ல ஒருத்தர், கனடாவுல ஒருத்தர் கிண்டில்லதான் படிச்சாங்க, அங்கெல்லாம் புக்கை அனுப்புற செலவு புக்கு வெலைய விட அதிகம். இலவச நாளை ஒண்ணு ஒண்ணா, நாம எங்கயாவது பேசப்போற அன்னிக்கு வெச்சா நல்லாருக்கும், இப்ப அப்படித்தான் பண்றேன்.

2021ல ஒரு ஆன்லைன் கோர்ஸ், பேரு வேணாம், 12,000 கட்டினேன். "உங்களை ஒரு பிராண்டா மாத்துங்க"ன்னு ஆரம்பிச்சு, லோகோ, நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிற போட்டோ, அதுக்குக் கீழ "சொல்லின் சிகரம்"னு பட்டம், இதையெல்லாம் போட்டு ஆயிரம் விசிட்டிங் கார்டு அடிக்க வெச்சாங்க. இன்னிக்கும் ஆபீஸ்ல என்னை சிகரம்னுதான் கூப்பிடுறானுங்க. முழு கோர்ஸ்லயும் உருப்படியா கெடச்சது ஒண்ணு, நம்மளைப் பத்தின அறிமுகத்தை ஒரு வரியில ஒண்ணு, அஞ்சு வரியில ஒண்ணு, ஒரு பக்கத்துல ஒண்ணுன்னு மூணா எழுதி வெச்சுக்கங்கன்னது. அதுக்கு 12,000 கொஞ்சம் ஜாஸ்தி, ஆனா அந்த ஒண்ணுதான் எனக்கு மேடையை வாங்கிக் குடுத்துச்சு.

எப்படின்னா, கூப்பிடுறவங்க பக்கம் நின்னு யோசிச்சுப் பாருங்க. விழாக்குழு செயலாளருக்கு ஆயிரம் வேலை. நோட்டீஸ் அடிக்கிறவர் போட்டோ கேப்பாரு, இவரு என் பேஸ்புக்லருந்து எதையாவது எடுத்து அனுப்புவாரு, ஒரு தடவை கல்யாண போட்டோவுல மாமனார் தோளை வெட்டி எடுத்து அச்சாயிருச்சு. இன்னொரு ஊர்ல நான் வாழ்நாள்ல கவிதையே எழுதினதில்ல, "கவிஞர்"னு போட்டுட்டாங்க, தொகுத்து வழங்கின பொண்ணு வேற யாரோட அறிமுகத்தையோ வாசிச்சிருச்சு. இப்ப கூகுள் டிரைவ்ல ஒரு போல்டர் வெச்சிருக்கேன். நெட்டுவாக்குல ஒரு போட்டோ, படுக்கவாக்குல ஒண்ணு, பேரு எப்படி எழுதணும், அந்த மூணு அறிமுகம், பேசுற தலைப்பு ஆறு, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வரி, 20 நிமிஷம்னா எது, 40 நிமிஷம்னா எது. தேதி உறுதியான அஞ்சாவது நிமிஷம் லிங்க் போயிரும். ஒரு புத்தகத் திருவிழா குழுவுல இருந்தவரு "சார், உங்களுக்கு மட்டுந்தான் ரெண்டாவது போன் பண்ற வேலையே வரல"ன்னாரு, மறுவருஷம் அவரே கூப்பிட்டாரு, அவரு சொல்லி இன்னும் ரெண்டு ஊரு. 2022லருந்து அரசாங்கமே மாவட்டத்துக்கு மாவட்டம் புத்தகத் திருவிழா நடத்துது, சாயங்காலம் மேடையில பேச ஆளு தேடுறாங்க, நம்ம மாதிரி ஆளுக்கு முன்னாடி இத்தனை எடம் கெடயாது.

சன்மானத்தையும் போன்லயே சொல்லிருங்க. "பாத்து செய்யுங்க"ன்னு சொன்ன காலத்துல கவர்ல ஐநூறு இருந்திருக்கு, போயிட்டு வந்த பஸ் செலவு அறுநூறு.

பேச்சு முடிஞ்சதும் புக்கு விக்கிறது தனி வித்தை. டேபிளை வாசலுக்குப் பக்கத்துல போடணும், மேடைப் பக்கம் போட்டா யாரும் ஏறி வர மாட்டாங்க. ஒரே வெலை, முழு ரூவா, 150ன்னா 150, பெருசா கியூஆர் அட்டை. நான் உக்கார மாட்டேன், என் தம்பி உக்காருவான், எழுதினவனே சில்லறை எண்ணிட்டு இருந்தா வாங்க வர்றவங்களுக்கே கூச்சமா இருக்கு. கோயில் திருவிழாவுல புக்கு போகாது, அங்க எடுத்துட்டே போறதில்ல. ஆசிரியர்கள் கூட்டம், வாசகர் வட்டம்னா போகும். காலேஜ்ல பசங்க செல்பி எடுப்பாங்க, வாங்குறது லைப்ரேரியன், அதனால மொதல்ல அவரைத்தான் பாக்கணும். இதை விட நல்லா போனது, பொன்னாடைக்குப் பதிலா விருந்தினர்களுக்கு புக்கு குடுங்களேன்னு விழாக்குழுவுக்கு முன்னாடியே சொல்றது, என் புக்குதான்னு இல்ல, எதுவா இருந்தாலும்னு சொல்வேன். பாதிப் பேரு நம்மளுதையே பதினஞ்சு இருபது வாங்கிக்கிறாங்க.

வாட்ஸ்அப்ல நான் வருஷக்கணக்கா ஏமாந்திருக்கேன். ஒரே சேதியைப் பல பேருக்குத் தனித்தனியா அனுப்புற பிராட்காஸ்ட் லிஸ்ட்ல 256 பேரைச் சேத்து, எல்லாருக்கும் சேதி போகுதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். நம்ம நம்பரை அவங்க போன்ல சேவ் பண்ணிருந்தாத்தான் போகும், ஒரு நாள் உக்காந்து பாத்தா நாப்பது பேருக்குத்தான் ரெண்டு டிக்கு. அன்னிலருந்து நான் யாரு நம்பரையும் வாங்கறதில்ல. பேச்சு முடியும்போது என் நம்பரைச் சொல்லி, சேவ் பண்ணிட்டு ஊர்ப்பேரை அனுப்புங்கன்னு கேக்குறேன், இருபது பேரு அனுப்பினாலும் அந்த இருபதும் நெசம். ஊர்ப்பேரு கைல இருக்கறதால தேனி பக்கம் போறப்ப தேனிக்காரங்களுக்கு மட்டும் சொல்லலாம். மாசத்துக்கு ஒரு சேதி, அவ்ளோதான். 2023ல வாட்ஸ்அப்லயே சேனல் வந்துச்சு, அதையும் பாத்தேன், ஆனா அப்ப அதுல படிக்கிறவங்க இமோஜி பொம்மைதான் போட்டாங்க, யாரும் பதில் எழுத முடியல, எனக்கு ஒத்து வரல.

ரீல்ஸ் பத்தி ஒரு எச்சரிக்கை. பட்டிமன்றத்துல நான் சொன்ன ஒரு மாமியார் ஜோக்கை யாரோ வெட்டிப் போட்டு ரெண்டு லட்சம் பேரு பாத்துட்டாங்க. சந்தோசமாத்தான் இருந்துச்சு. அதுக்கப்புறம் வந்த போனெல்லாம் "சார் காமெடியா பேசணும்"னுதான், நான் கதைக்காரன்னு ஒருத்தருக்கும் தெரியல, புக்கு ஒண்ணு கூட நகரல. அதுலருந்து வெளிய வர ரெண்டு வருஷம் ஆச்சு. எந்த வேலைக்கு நம்மளைக் கூப்பிடணுமோ அந்தத் துண்டை நாமளே மொதல்ல வெட்டிப் போட்டுறணும், இல்லன்னா வேற யாராவது வெட்டிருவாங்க.

தபால்ல விக்கிறது 2024 கடைசியில கஷ்டமாயிருச்சு. புக்குக்குன்னே கொறஞ்ச கட்டணத்துல இருந்த பதிவு புக் போஸ்ட் இருந்தவரைக்கும் ஒரு காப்பி அனுப்பினாலும் கட்டுபடியாச்சு, அந்த டிசம்பர்ல அதை நிறுத்திட்டாங்க. அதுலருந்து மூணு புக்கும் சேத்து கேட்டா மட்டும் அனுப்புறேன், ஒண்ணு மட்டும் வேணும்னா அந்தப் பக்கம் எப்ப வர்றேன்னு சொல்லிடுறேன்.

மூணாவது தொகுப்பு 400 போட்டது, இப்ப கையில 22 இருக்கு. அந்த விசிட்டிங் கார்டுதான் இன்னும் எழுநூறு கெடக்கு, பின்பக்கம் வெள்ளையா இருக்கறதால வீட்டுல அதுலதான் பால் கணக்கு எழுதுறாங்க.