வடலூர் தருமசாலை: ஒரு அரிசிச் சிப்பமும் ஒரு கரண்டி ரசமும்

அக்காவுக்குக் குழந்தை பிறந்தா வடலூருக்கு அரிசி குடுக்கிறேன்னு அம்மா வேண்டிக்கிட்டாங்க, பிறந்து அஞ்சு மாசம் ஆச்சு, "வேண்டுதல பாக்கி வைக்கக் கூடாதுடா"ன்னு தினமும் நச்சரிச்சதுல போன வாரம் 25 கிலோ சிப்பம் ஒண்ண கார்ல போட்டுக்கிட்டு கிளம்பிட்டோம்.

நெய்வேலி பக்கத்துலதான், வழி சுலபம். இந்தத் தருமசாலை 1867 மே 23ல வள்ளலார் ஆரம்பிச்சது, அன்னைக்கு மூட்டின அடுப்பு இன்னைக்கு வரைக்கும் அணையல. நீ யாரு எந்த சாதின்னு ஒரு கேள்வி கிடையாது, போய் உக்காந்தா சோறு. சாதம் சாம்பார் ரசம், கல்யாணப் பந்தி மாதிரி எதிர்பாத்துப் போகாதீங்க, ஆனா சோறு ஆவி பறக்க வருது பாருங்க, அதுக்கே ஃபுல் மார்க்.

மார்க் குறைக்கணும்னா எனக்குத்தான் குறைக்கணும். சிப்பத்த இறக்கும்போது மாமாகிட்ட போன குடுத்து ரெண்டு போட்டோ எடுக்கச் சொன்னேன், ஸ்டேட்டஸ் வைக்கலாம்னு. அப்புறம் சாப்பிட உக்காந்தா பக்கத்துல ஒரு பெரியவரு, நாங்க அரிசி இறக்கினத பாத்திருப்பாரு, ஏதாவது சொல்லுவாருன்னு அவரு மூஞ்சியவே பாத்துக்கிட்டிருக்கேன், அவரு என்ன சொன்னாரு தெரியுமா, "தம்பி, அந்த ரசத்த இப்படி வரச் சொல்லு".

திரும்பி வரும்போது கார்ல இதே பேச்சுதான். குழந்தை பிறக்கலைன்னா அந்த சிப்பம் வந்திருக்குமா? சத்தியமா வந்திருக்காது, அப்ப இது தானமா டீலான்னு கேட்டேன். மாமா சொன்னாரு, வள்ளலாரே 'ஜீவகாருண்ய ஒழுக்கம்'ங்கிற நூல்ல எழுதியிருக்காரு, குழந்தை இல்லாதவங்க பசிச்சவங்களுக்கு சோறு போடுறத விரதமா வச்சிக்கிட்டா குழந்தை பிறக்கும், சூலை குன்மம் மாதிரி தீராத நோயெல்லாம் தீரும்னு. மனுஷன் நம்மள நல்லா தெரிஞ்சு வச்சிருக்காரு, சும்மா குடுன்னா எவன் குடுப்பான்? ஆனா வள்ளலார் தனக்குன்னு கேட்டது எல்லா உயிருக்கும் நான் அன்பு செய்யணும்னுதான். அதுவும் ஒரு ஆசைதானே மாமான்னேன். "ஆசைதான், நீ அப்படி ஒண்ணு கேட்டுப் பாரேன்"னாரு. அதுக்கு மேல நான் வாயத் தொறக்கல.

தைப்பூசத்துக்கு அங்க இருக்கிற சத்திய ஞான சபையில ஏழு திரை நீக்கி ஜோதி காட்டுவாங்க, அன்னைக்கு கூட்டம் தாங்காது, நிதானமா பாத்து சாப்பிட்டு வரணும்னா சாதாரண நாள்ல போங்க.

போட்டோவ இன்னும் ஸ்டேட்டஸ்ல போடல. டெலிட்டும் பண்ணல.