கால் கிலோ பிளேட்: வாங்கலாமா?

பாரைத் தோளிலிருந்து தலைக்கு மேல் தள்ளும் ஓவர்ஹெட் பிரஸ்ஸில் நான்கு மாதம் 25 கிலோவிலேயே நின்றேன். 15 கிலோ பார், இரு பக்கமும் ஐந்து ஐந்து கிலோ பிளேட், அதாவது எடை வட்டு. தொடர்ந்து ஐந்து ரெப் (ஐந்து முறை தூக்குவது), அப்படி மூன்று செட் சுத்தமாகப் போகும். அடுத்த வாரம் 27.5 மாட்டினால் இரண்டாவது ரெப்பிலேயே பார் நெற்றிக்கு நேராக நின்றுவிடும். மேலேயும் போகாது, கீழே இறக்கவும் மனசு வராது.

வயதுதான் காரணம் என்று நினைத்தேன், நாற்பத்தாறு ஆகிறது. அப்புறம் ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஜிம்மில் இருக்கும் மிகச் சிறிய பிளேட் 1.25 கிலோ. இரு பக்கமும் மாட்டியாக வேண்டும் என்பதால் 2.5 கிலோவுக்குக் குறைவாக ஏற்ற வழியில்லை. தரையிலிருந்து பாரைத் தூக்கும் என் 80 கிலோ டெட்லிஃப்ட்டில் அது மூன்று சதவீதம், உடம்பு கண்டுகொள்ளாது. 25 கிலோ பிரஸ்ஸில் அதுவே பத்து சதவீதம். தோளும் கையின் பின்தசையும் ஒரு வாரத்தில் அவ்வளவு வளராது.

அதற்காகத்தான் இந்தக் குட்டி பிளேட் செட்டை வாங்கினேன். 0.25, 0.5, 0.75, 1 கிலோ, ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி. கால் கிலோ ஜோடியைப் போட்டால் மொத்தம் அரைக் கிலோதான் கூடும். 25.5, அடுத்து 26, அடுத்து 26.5. நடுவில் இரண்டு வாரம் சறுக்கி, ஏழாவது வாரம் 27.5-ஐ ஐந்து முறை தூக்கினேன். நான்கு மாதம் முட்டி மோதிய அதே எடை!

போட்டி மேடையிலும் இந்தச் சின்ன எடைக்கு இடமுண்டு. ஒலிம்பிக் பளுதூக்குதலில் 2005 வரை 2.5 கிலோ கணக்கில்தான் எடை ஏற்றுவார்கள். அதன் பிறகு ஒரு கிலோ கூட்டினாலே போதும் என்று விதி மாறியது. அங்கே அரைக் கிலோ பிளேட் வெள்ளை, ஒரு கிலோ பச்சை. என்னுடைய செட்டில் நான்கு ஜோடியும் கறுப்பு, எண்களும் கறுப்பிலேயே புடைத்திருக்கின்றன. மங்கலான வெளிச்சத்தில் ஒருமுறை இடது பக்கம் அரை, வலது பக்கம் முக்கால் என்று மாட்டிவிட்டேன். இரண்டு செட் முடித்த பிறகுதான் தெரிந்தது. இப்போது நகப்பூச்சால் புள்ளி வைத்திருக்கிறேன்.

துளை கொஞ்சம் பெரிது. பார் முனை 50 மில்லிமீட்டர். பெரிய பிளேட்டை ஒட்டி மாட்டி, கிளிப்பால் நன்றாக இறுக்காவிட்டால் ஒவ்வொரு ரெப்புக்கும் கிணுகிணுவென்று சலங்கை கட்டிய மாதிரி சத்தம். வீட்டில் பழைய மெல்லிய பார் வைத்திருப்பவர்கள் துளை அளவைப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

எடை சரியா என்று சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். கால் கிலோ ஒன்று 246 கிராம், இன்னொன்று 255. பரவாயில்லை. பிறகு சந்தேகம் வந்து ஜிம்மின் ஐந்து கிலோ பிளேட்டுகளை லக்கேஜ் தராசில் தொங்கவிட்டேன். ஒன்று 4.88, இன்னொன்று 5.14! வித்தியாசமே கால் கிலோவுக்கு மேல். வாரத்துக்கு வாரம் கையில் கிடைத்ததை மாட்டினால் அரைக் கிலோ ஏற்றியதற்கு அர்த்தமே இருக்காது. அதனால் இரண்டு பிளேட்டுகளில் சாக்பீஸ் குறி போட்டு, எப்போதும் அவற்றையே எடுக்கிறேன். யாராவது முந்திக்கொண்டால் காத்திருக்கிறேன், வேறு வழியில்லை.

முக்கால் கிலோ ஜோடி வீண். காலும் அரையும் சேர்ந்தால் முக்கால்தானே? தனித்தனி ஜோடியாகக் கிடைத்தால் அதை விட்டுவிட்டு மற்ற மூன்றை வாங்கலாம். கிலோ கணக்கில் பார்த்தால் பெரிய பிளேட்டைவிட விலை அநியாயம். பெரிய இரும்பு வாஷரை எடை பார்த்து மாட்டினாலும் வேலை நடக்கும். ஸ்குவாட் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட்டுக்கென்று வாங்க நினைத்தால் வேண்டாம், அங்கே 1.25 கிலோ ஜோடியே பல மாதம் தாங்கும். பிரஸ், பெஞ்ச் (படுத்தபடி பாரை மேலே தள்ளுவது) இரண்டிலும் தடுமாறுகிறவர்களுக்கு, அதிலும் குறைந்த எடையில் இருப்பவர்களுக்கு, தயங்காமல் சொல்வேன்.

நேற்று 28.5 போட்டேன். கடைசி செட்டில் நான்காவது ரெப்போடு நின்றது. சரி, அடுத்த வாரமும் 28.5தான்.